காலோடு மூளையும் நடக்கட்டும்

ஜொகூர் மாசாயில் என் பெரியம்மா குடியிருக்கும் தாமானில் ஒரு சின்னத் திடல் உண்டு. அதைச் சுற்றிச் சிமெண்ட் நடைபாதை. மாலை ஐந்தரைக்கு வெயில் தாழ்ந்ததும் பெரியம்மா அங்கே நான்கு சுற்று நடப்பார். வயது 73. இனிப்புநீர் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிளினிக்கில் டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து மழை பெய்தால் தவிர நடையை விட்டதில்லை.

ஒருநாள் நானும் கூட நடந்தேன். மூன்றாவது சுற்றில் சும்மா கேட்டேன். "லாபிஸ்ல நம்ம லயத்துல கடைசி வீட்டுல இருந்தாங்களே, அவங்க மகன் இப்ப எங்க இருக்காரு பெரியம்மா?"

பெரியம்மா நின்றுவிட்டார். "இரு தம்பி, யோசிச்சுச் சொல்றேன்." முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தார். "குளுவாங்ல லோரி ஓட்டுறான்." சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடியை எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டேன். மறுபடியும் நின்றார்.

இதில் என்ன இருக்கிறது, வயதானவர்கள் நின்று நிதானமாகப் பேசுகிறார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் மருத்துவத்தில் இதற்கென்றே பேர்போன ஓர் ஆய்வு இருக்கிறது. 1997இல் சுவீடனில் முதியோர் இல்லங்களில் இருந்த 58 பேரை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கூடவே நடந்து பேச்சுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பேச்சுக்குப் பதில் சொல்ல நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கீழே விழுந்திருந்தார்கள். கருவி எதுவும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. ஒரு கேள்வி கேட்டு, கால் நிற்கிறதா என்று பார்த்ததோடு சரி.

நடை என்பது காலின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இளம் வயதில் அது ஓரளவு உண்மை. கால் தன்பாட்டுக்குப் போகும், மனம் தன்பாட்டுக்கு எதையோ நினைக்கும். வயது ஏற ஏற ஒவ்வோர் அடிக்கும் மூளை கொஞ்சம் கவனத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. இனிப்புநீர் இருந்தால் செலவு இன்னும் கூடும். பல வருடச் சர்க்கரை உள்ளங்காலின் நரம்புகளை மரத்துப்போக வைக்கிறது. தரை மேடா பள்ளமா, வழுக்குகிறதா என்ற சேதி காலிலிருந்து சரியாக மேலே போவதில்லை. அந்தக் குறையைக் கண்ணும் கவனமும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். அதே நேரத்தில் ஒரு கேள்வி வந்தால் கையிருப்பில் இருக்கும் கவனம் இரண்டுக்கும் போதாது. அப்போது உடம்பு புத்திசாலித்தனமாக ஒன்றை நிறுத்துகிறது. நிறுத்த மறந்தவர் விழுகிறார்.

நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு உடற்பயிற்சியை ஒரு பக்கமும் மூளைப் பயிற்சியை இன்னொரு பக்கமும் தனித்தனியாகக் கொடுப்பதைவிட இரண்டையும் கோத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்லத் தொடங்கியிருப்பதன் அடிப்படை இதுதான். வாழ்க்கை அந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதில்லை. பசாரில் சாலையைக் கடக்கும்போது பாக்கிச் சில்லறையையும் கணக்குப் பார்க்கிறோம்.

நம் வீடுகளில் இது யாரோ ஒருவருடைய பிரச்சினை இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019இல் நடந்தபோது, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. அப்படியும் ஆறு பேரில் ஒருவர். இதற்கு முன்பே, 2018இல், அறுபதைத் தாண்டியவர்களை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்ததில் 8.5 விழுக்காட்டினரிடம் மறதி நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. இந்தக் கணக்குகளைத் தனித்தனிப் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் வழக்கம். ஆனால் இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நீரிழிவு இருப்பவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று உலகெங்கும் நடந்த நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன.

ஏன் என்று பார்ப்போம். உடம்பின் எடையில் மூளை இரண்டு விழுக்காடுதான். ஆனால் உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்புக் கிடங்கு என்று சொல்லும்படி அதனிடம் எதுவும் இல்லை. இரத்தம் கொண்டுவருவதை அன்றாடம் வாங்கிச் செலவழிக்கும் வீடு அது. அந்த இரத்தத்தைக் கொண்டுசேர்க்கும் நுண்ணிய குழாய்களைத்தான் அதிகச் சர்க்கரை முதலில் கெடுக்கிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடக்கும் அதே சேதம் மூளையிலும் சத்தமில்லாமல் நடக்கிறது. போதாக்குறைக்கு, நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இன்சுலினுக்கான வாசல்கள் ஏராளம். தசையில் இன்சுலின் எடுபடாமல் போவதுபோல் மூளையிலும் எடுபடாமல் போகலாம். மறுபுறம், மருந்து கூடிப்போய்ச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கினாலும் மூளைக்குத்தான் முதல் அடி.

இந்தச் சேதம் மறதியாகத்தான் ஆரம்பிக்கும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி ஆரம்பிப்பதில்லை. யோசிக்கும் வேகம் குறைகிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குச் சட்டென்று மாற முடிவதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று திட்டமிடுவது கடினமாகிறது. வீட்டார் இதை வயதானதால் வந்த மந்தம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இனிப்புநீரைச் சமாளிப்பதே இந்தத் திறன்களைக் கொண்டுதான். காலை மாத்திரை எது, சாப்பிடுவதற்கு முன்னா பின்னா, இன்று சோறு குறைவாகச் சாப்பிட்டேனே இன்சுலினை அப்படியே போடலாமா, கிளினிக் தேதி எப்போது. இத்தனையையும் ஒருவர் தினமும் தனியாகத் தீர்மானிக்கிறார். சர்க்கரை மூளையைத் தளர்த்துகிறது, தளர்ந்த மூளை சர்க்கரையைத் தவறவிடுகிறது. இந்த வளையத்தை எங்கே அறுப்பது?

மருந்தால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கோர்டு என்ற பெரிய ஆய்வு இதையும் சோதித்தது. 2011இல் வந்த முடிவின்படி, சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்த குழுவினரின் யோசிக்கும் திறன், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட மேலாக இல்லை. அந்த ஆய்வில் கடுமையான கட்டுப்பாட்டுக் குழுவில் இறப்புகள் கூடியதால் அந்தப் பகுதியை 2008இலேயே நிறுத்தவும் வேண்டியிருந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கண்ணுக்கும் காலுக்கும் சிறுநீரகத்துக்கும் அவசியம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மூளைக்கு அது மட்டும் போதாது.

இனி தசைக்கு வருவோம். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசைச் செல்லின் சுவரில் சர்க்கரையை உள்ளே விடக் கதவுகள் உண்டு. குளுட்-4 என்ற புரதம் அது. சாதாரண நேரத்தில் அந்தக் கதவு செல்லுக்குள்ளே ஒதுங்கிக் கிடக்கும், இன்சுலின் வந்து தட்டினால்தான் சுவருக்கு வரும். நீரிழிவில் இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் கதவு மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் இந்தக் கதவுக்கு இரண்டாவது சாவி ஒன்று இருக்கிறது. தசை சுருங்கி விரிந்தாலே போதும், இன்சுலின் தயவில்லாமல் கதவு சுவருக்கு வந்துவிடும். நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தால் தொடையில் ஆயிரமாயிரம் கதவுகள் திறக்கின்றன. ஒருமுறை நன்றாக உழைத்த தசை அதன்பின் ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்கு நல்லபடியாகச் செவிசாய்க்கும். அதனால்தான் பயிற்சிக்கு இடையில் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் பல்லாண்டுகளாகக் காட்டிவருவது இதுதான்: இந்திய உடம்பு மெலிந்து தெரிந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும் உடம்பு. வயதாக ஆகத் தசை இன்னும் கரையும். அப்போது சர்க்கரை போய்ச் சேர இடமில்லை. நடை நல்லது. ஆனால் நடை மட்டும் தசையை வளர்க்காது. எழுந்து உட்காருவது, படியேறுவது, தண்ணீர் நிரப்பிய புட்டியைத் தூக்கி இறக்குவது, இவையும் சேர வேண்டும்.

இங்கே பெரியம்மாவின் பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவர் லாபிஸ் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு. தலையில் விளக்கு, கையில் உளி. ஓர் ஆளுக்கு 400 முதல் 600 மரம் வரை. இருட்டிலேயே தொடங்குவதற்குக் காரணம், வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்துக்குள் அழுத்தம் நிறைந்து பால் நன்றாக ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுபோல் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். உளி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்க வேண்டும். முந்தைய வெட்டுக்குக் கீழே நூல் கனத்துக்குப் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். ஆழம் போதவில்லையென்றால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் பட்டைக்கு அடியில் உள்ள உயிர்ப்படலம் காயப்படும். மரம் முண்டும் முடிச்சுமாக ஆகிவிடும், மண்டோர் வந்து சத்தம் போடுவார். சரியான ஆழத்துக்கும் காயத்துக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கை அதைத் தடவி உணர வேண்டும். கால் அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். எந்த மரம் பால் சுரக்காமல் கிடக்கிறது, எந்த மங்கு உடைந்திருக்கிறது, மேற்கே மேகம் கட்டுகிறதா என்று மனம் குறித்துக்கொண்டே போகும். மழை வந்தால் மங்கில் உள்ள பால் கெட்டுவிடும், அதற்குள் ஓட வேண்டும்.

அந்த வாழ்க்கை சுகமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. கூலி குறைவு, முதுகு ஒடிந்தது, பிள்ளைகளின் படிப்பு கெட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்ததில் எத்தனையோ நன்மைகளும் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். தீம்பாரில் அவர் உடம்பும் மூளையும் ஒரே வேலையில் சேர்ந்து உழைத்தன. தாமானுக்கு வந்த அன்று இரண்டும் ஒருசேர நின்றன. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. தே தாரிக்கும் கெட்டிப்பாலும் கூடிப்போயின. பிறகு டாக்டர் சொல்லி நடை திரும்பி வந்தது. மூளைக்கு வேலை கொடுக்க யாரும் சொல்லவில்லை.

இரண்டும் சேர்ந்தால் ஏன் கூடுதல் பலன் என்பதற்கு எனக்கு மிகவும் தெளிவாகப் பட்ட விளக்கம் எலிகளிடமிருந்து வந்தது. ஓடும் எலியின் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்புச் செல்கள் நிறையப் பிறக்கின்றன என்று 1999இல் அமெரிக்காவில் ஹென்ரியெட் வான் பிராகும் ஃப்ரெட் கேஜும் காட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே இன்னொன்று தெரிந்திருந்தது. விளையாட்டுப் பொருளும் புது இடமும் நிறைந்த கூண்டில் வளரும் எலிக்குப் பிறந்த செல்கள் சாகாமல் தங்குகின்றன. ஆக, ஓட்டம் செல்லைப் பிறப்பிக்கிறது, புதுமை அதைப் பிழைக்க வைக்கிறது. 2009இல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். முதலில் ஓடவிட்டு, பிறகு வளமான கூண்டில் விட்டபோது, தனித்தனியாகச் செய்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகமான புதுச் செல்கள் இருந்தன. நாற்றங்காலில் விதைப்பது ஒரு வேலை, பிடுங்கி வயலில் நடுவது இன்னொரு வேலை. விதைத்துவிட்டு நடாமல் விட்டால் நாற்று அங்கேயே கருகும்.

மனித மூளை எலி மூளையைப் போல அவ்வளவு எளிதில் திறந்து காட்டுவதில்லை. ஆனாலும் 2011இல் கர்க் எரிக்சனின் குழு, 55 முதல் 80 வயதுக்குட்பட்ட 120 பேரைப் படம் பிடித்துப் பார்த்தது. வாரம் மூன்று நாள், 40 நிமிட வேக நடை. ஒரு வருடத்தில் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களுக்கு அது வழக்கம்போலச் சுருங்கியிருந்தது.

சேர்த்துக் கொடுத்த சோதனைகளில் நமக்குக் கிட்டத்தில் நடந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில். இங் சே பின் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் உடல் தளர்ந்த, தளரத் தொடங்கிய 246 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்குச் சத்துணவு, ஒரு குழுவுக்கு மூளைப் பயிற்சி, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு மூன்றும் சேர்த்து, இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவு 2015இல் வெளிவந்தது. எல்லாக் குழுவிலும் தளர்ச்சி ஓரளவு குறைந்தது, ஆனால் தளர்ச்சியிலிருந்து மீளும் வாய்ப்பு மூன்றும் சேர்ந்த குழுவுக்குத்தான் மிக அதிகம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைப்போல் ஐந்து மடங்கு.

நீரிழிவும் லேசான மறதியும் சேர்ந்தவர்களிடமே நேராகச் சோதித்தது சீனா. 328 பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு குழு வேகமாக நடந்தது. இன்னொரு குழு 24 அசைவு கொண்ட தைச்சி கற்றுக்கொண்டது. தைச்சி வெறும் உடற்பயிற்சி இல்லை. அடுத்த அசைவு என்ன, எடை எந்தக் காலில், கை எந்த உயரத்தில் என்று ஒவ்வொரு கணமும் நினைவில் வைத்தாக வேண்டும். 36 வாரம் கழித்து மூளைத் திறன் சோதனையில் தைச்சி குழு நடைக் குழுவைவிட மேலே இருந்தது. வித்தியாசம் பெரிதல்ல, சராசரியாக ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவு. ஆனால் ஒப்பிட்டது சோம்பி இருந்தவர்களோடு இல்லை, ஒழுங்காக நடந்தவர்களோடு. அதனால் அந்தச் சின்ன வித்தியாசத்தை நான் மதிக்கிறேன். அந்த முடிவு வெளிவந்த அதே 2023இல் வெளிவந்த கனடாவின் சினெர்ஜிக் ஆய்வு முடிவும் இந்தத் திசையில்தான் போனது. லேசான மறதி உள்ள 175 பேர் வாரம் மூன்று நாள், 20 வாரம் பயிற்சி செய்தார்கள். உடற்பயிற்சியோடு மூளைப் பயிற்சியும் செய்தவர்கள் முன்னேறினார்கள். கூடவே கொடுத்துப் பார்த்த வைட்டமின் டி எந்தப் பலனும் தரவில்லை.

எல்லா ஆய்வும் கைகொடுக்கவில்லை என்பதையும் வாசகர் அறிய வேண்டும். ஜப்பானில் நீரிழிவும் லேசான மறதியும் உள்ள எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடற்பயிற்சி, உணவு, சர்க்கரைக் கட்டுப்பாடு என்று எல்லாவற்றையும் சேர்த்து 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் மூளைத் திறனில் குறிப்பிட்டுச் சொல்லும்படி வேறுபாடு வரவில்லை. மறதி நோயைத் தடுக்கும் வழி கிடைத்துவிட்டது என்று எவராவது உங்களிடம் விற்க வந்தால் நம்ப வேண்டாம். இப்போது கையில் இருப்பது இவ்வளவுதான்: சேர்ந்த பயிற்சி மூளைக்குச் சிறிதளவேனும் உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. சர்க்கரைக்கும் காலுக்கும் விழாமல் இருப்பதற்கும் அது உதவும் என்பதில் ஐயமில்லை. செலவோ ஒரு வெள்ளிகூட இல்லை.

மலேசியாவிலும் வேலை நடக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீ-ரைஸ் என்ற 24 வாரக் கூட்டுப் பயிற்சித் திட்டத்தை வகுத்தார்கள். முதல் 12 வாரம் பயிற்றுநரோடு ஓரிடத்தில் கூடிச் செய்வது, அடுத்த 12 வாரம் வீட்டில் தொடர்வது. இந்த இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூடிச் செய்யும்போது எவரும் செய்வார்கள். வீட்டுக்குப் போன பிறகு கைவிடாமல் இருக்க வேண்டுமே. நம் ஜொகூரிலேயே சிகாமட் மாவட்டத்தில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சியாக்கோ ஆய்வு மையம் பத்து வருடத்துக்கும் மேலாக இயங்குகிறது. பெக்கோக், சாஆ உட்பட ஐந்து முக்கிம்களில் வீடு வீடாகப் போய் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்களில் நம் தோட்ட மக்கள் எத்தனை பேர் என்பது ஜொகூர்க்காரர்களுக்குத் தெரியும். கதவைத் தட்டி வருபவர்களுக்கு மறுக்காமல் பதில் சொல்லுங்கள். நம்மைப் பற்றிய கணக்கு நம்மிடமிருந்துதான் வர முடியும்.

சரி, வீட்டில் எப்படித் தொடங்குவது?

ஜப்பானின் தேசிய முதுமை மருத்துவ நிலையம் கோக்னிசைஸ் என்று ஒரு பயிற்சியை வகுத்திருக்கிறது. நின்ற இடத்தில் அடி வைத்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். மூன்றின் மடங்கு வரும்போதெல்லாம் கை தட்ட வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பாருங்கள். பெரியம்மாவிடம் ஒரு காலை இதைச் சொன்னேன். ஒன்பது வரை சரியாக வந்தது. பத்திலும் தட்டினார், பன்னிரண்டில் மறந்தார், கால் வேறு குழம்பியது. "நிறுத்து நிறுத்து, திரும்ப மொதல்ல இருந்து" என்று அவரே சொன்னார். முகத்தில் எரிச்சல் இல்லை, சிரிப்புதான் இருந்தது. அந்தத் தடுமாற்றம்தான் இந்தப் பயிற்சியின் மருந்து. தப்பே வராமல் செய்ய முடிந்தால் மூளை அதைக் காலிடம் ஒப்படைத்துவிட்டது என்று பொருள். அப்போது விதியை மாற்ற வேண்டும். மூன்றுக்குப் பதில் நான்கு. முன்னோக்கி எண்ணுவதற்குப் பதில் ஐம்பதிலிருந்து பின்னோக்கி.

எண்ணிக்கை அலுத்துப்போனதும் வேறு வழி தேடினோம். லயத்து வீடுகளை நினைவுபடுத்தச் சொன்னேன். ஓர் அடிக்கு ஒரு வீடு. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை யார் இருந்தார்கள், அப்புறம் கடைசியிலிருந்து முதல் வரை. கால் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. முதல் வாரம் ஐந்தாவது வீட்டில் நின்றார். மூன்றாவது வாரம் பன்னிரண்டு வீட்டையும் நடையை நிறுத்தாமல் முடித்தார். பிறகு அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர், வாசலில் இருந்த மரம் என்று அவராகவே கூட்டிக்கொண்டார். இதை ஆய்வு என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒருவர், அளவுகோல் ஏதும் இல்லை. ஆனால் பயிற்சிக்கான பொருள் ஒருவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தால் அவர் அதை விடமாட்டார் என்பதை நேரில் பார்த்தேன்.

சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் போட்டு, சொன்ன வரிசைப்படி கால் வைத்து நடக்கலாம். சிறுவயதில் ஆடிய பாண்டி ஆட்டம்தான், ஆனால் நொண்டியடிக்காமல் இரு காலாலும் நிதானமாக. கும்மியும் கோலாட்டமும் தெரிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். சுற்றி வரும் கால், தட்டும் கை, எதிராளியின் கோல், பாட்டின் தாளம் எல்லாம் ஒரே நேரத்தில் இயங்கும் இதைவிட நல்ல கூட்டுப் பயிற்சியைத் தைச்சிக்காரர்களும் வைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம். அதில் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும், ஒரு காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் இருக்க வேண்டும். ஒரு காலில் நிற்கும்போது பக்கத்தில் சுவரோ கனமான நாற்காலியோ கட்டாயம்.

எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யாதீர்கள். இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பயிற்சியின் நடுவே வியர்வை, நடுக்கம், திடீர்க் குழப்பம் வந்தால் அது மறதியில்லை, சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வெறுங்காலோடு செய்யவே கூடாது. மரத்துப்போன காலில் கல் குத்தினாலும் தெரியாது. முடிந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். கண்ணில் இரத்தக்கசிவு உள்ளவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கனம் தூக்க வேண்டாம். ஜொகூர் வெயிலில் காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின்தான் வெளியே நல்லது.

தனியாகச் செய்வது கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சமூக நல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே போகிற தமிழர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மொழிக் கூச்சம், வாகனம் இல்லாதது, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பேரனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்று காரணங்கள் உண்டு. ஆனால் கோயில் எல்லாத் தாமானுக்கும் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையும் திருவிழா நாளும் போக, மற்ற நாட்களில் மண்டபம் காலை முழுக்கப் பூட்டியே கிடக்கிறது. மின்விசிறி இருக்கிறது, வழுக்காத தரை இருக்கிறது, நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பயிற்றுவிக்க, பணி ஓய்வு பெற்ற தாதியோ ஆசிரியையோ நம்மிடையே இல்லாத ஊர் கிடையாது.

ஜொகூரில் உள்ள ஆலய நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரம் மூன்று நாள், காலை ஏழரை முதல் எட்டரை வரை, அந்த மண்டபத்தின் கதவைத் திறந்து கொடுங்கள். பெரியம்மாவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.